கிளிப்பச்சைத் திண்டு

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. காலை ஆட்டாம கேளு. ஆட்டினா நான் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். பேரு பொற்கிளி. நல்ல பேருதான், ஆனா வாய் சும்மா இருக்காது, கை அதுக்கு மேல சும்மா இருக்காது. ம் சொல்லு. ம்... ஆங், அப்படி.

அவள ஒரு மலைப்பாறைக்கு அடியில இருக்குற ஊர்ல கட்டிக் குடுத்தாங்க. புருஷன் லாரி ஓட்டுறவன். வடக்க போனான்னா எப்பத் திரும்புவான்னு அவனுக்கே தெரியாது. வீட்டுல மாமியா மட்டும், பேரு ராக்கம்மா. அப்புறம் பொற்கிளி பெத்த கைக்குழந்த, சிட்டு. அந்தப் பேரு அதுக்குப் பொருத்தம். விடிஞ்சும் விடியாம கீச்சுகீச்சுன்னு ஆரம்பிச்சா அடங்கவே அடங்காது. தவழும், உருளும், கண்டதையும் எடுத்து வாயில வைக்கும். அம்மா அந்தப் பக்கம் நகந்தா போதும், வீல்னு ஊரைக் கூட்டிரும். தூக்கம்னா அதுக்கு வேப்பங்காய். உன்ன மாதிரியேதான், என்ன முறைக்கிற?

வீடு பெரிய வீடு. ஆனா மெத்துன்னு உக்கார ஒரு எடம் கிடையாது. ஊஞ்சல்னா வெறும் பலக. பெஞ்சுன்னா வெறும் கட்ட. தரை கருங்கல்லு.

"என்ன அத்தை, உக்காந்தா எலும்பு குத்துது"ன்னா பொற்கிளி.

"எங்களுக்கெல்லாம் குத்தலயே"ன்னா மாமியா.

"நான் திண்டு தைக்கப் போறேன். ஒட்டுத்துணி போட்டு, அழகழகா."

"தைச்சுக்கோ. யாரு வேணாங்குறா."

அவ்வளவுதான், கிளம்பிட்டா. ஊர்ல இருக்குற டெய்லர் கடைக்கெல்லாம் போனா. ஜாக்கெட்டு வெட்டின மிச்சம், சட்ட வெட்டின மிச்சம், பாவாட ஓரம், எல்லாத்தையும் கேட்டுக் கெஞ்சி மூட்டையாக் கட்டித் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தா. கூடத்துல கொட்டினா. கொட்டிட்டு சப்பணம் போட்டு உக்காந்துக்கிட்டா. அடுப்புல உல கொதிச்சு வழியும், அவளுக்குத் தெரியாது. மஞ்சளுக்குப் பக்கத்துல அரக்கு வச்சுப் பாப்பா. ம்ஹூம், எடுத்துருவா. நீலத்த வைப்பா. எந்திரிச்சுப் போயி வாசப்படியில நின்னு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாப்பா. "கத்திரிப்பூ கலர் இங்க வந்தா அங்க செவப்பு கத்துது"ன்னு தனக்குத்தானே பேசுவா. துணி கத்துமாம்! ராக்கம்மா தலையில அடிச்சுக்கிட்டே சோத்த வடிச்சு வைப்பா.

அப்புறம் மொதத் திண்டு தச்சா, ஊஞ்சலுக்கு. மஞ்சளும் அரக்கும் கட்டம் கட்டமா. கடகடகடகடன்னு தையல் மிஷினு ஓடிச்சு. இலவம்பஞ்ச பொசுபொசுன்னு அடைச்சா. ரெண்டாவது பெஞ்சுக்கு. அதுல ஒரு பெரிய மீனு, சாம்பக் கலர் சட்டைத் துணியில செதில் செதிலா. கடகடகடகட! பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் உக்காந்து பாக்கவே வந்துட்டாங்க. பொற்கிளிக்குத் தலகால் புரியல.

மூணாவது பெருசு. கூடத்துக்கு நடுவுல தரையில போடுறதுக்கு. சுத்தி செவப்பும் ஆரஞ்சும் முக்கோண முக்கோணமா, நடுவுல ஒரே ஒரு பெரிய சதுரம். முக்கோணம் எல்லாம் ஆச்சு. நடுவுல வைக்கத்தான் துணி அமையல. எத வச்சாலும் புடிக்கல. வெள்ள வச்சா வெளிறிப் போகுது, நீலம் வச்சா முழிக்குது. சோறு எறங்கல அவளுக்கு.

ம் சொல்றியா? ம்.

அப்போ தெருவுல சத்தம். "பழய துணிக்குப் பாத்திரேய்ய்ய்!" சைக்கிள்ல எவர்சில்வர் பாத்திரமாத் தொங்கும், டிங்கு டிங்குன்னு. பின்னாடி வாங்கின பழந்துணி மூட்ட. பொற்கிளி ஓடினா.

"அண்ணே, மூட்டையப் பிரிங்க."

"தாயி, நான் துணி வாங்குறவன், விக்குறவன் இல்ல."

"பாத்துட்டுத் தாரேன், பிரிங்கண்ணே."

பிரிச்சாரு. அழுக்கு வேட்டி, கிழிஞ்ச சட்ட, அதுக்கு அடியில ஒரு பழஞ்சேல. கிளிப்பச்ச. ஓரத்துல மாங்காக் கர. எத்தன தடவ தொவச்சதோ, கையில எடுத்தா தண்ணியா வழுகுது. ஆனா பச்ச மட்டும் அப்படியே இருக்கு. பொற்கிளிக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அந்த மாங்காக் கர நாலு பக்கமும் ஓட, நடுவுல அந்தப் பச்ச! ஒரு சொம்பு மோரக் குடுத்து, "அண்ணே அண்ணே"ன்னு கொழஞ்சு, அந்தச் சேலய வாங்கிட்டா.

இப்ப ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் உடுத்துன துணியில கத்திரி வைக்குறதுக்கு முன்னாடி, ஓரத்துலருந்து ஒரு நூல முழுசா உருவணும். உருவி, உள்ளங்கையில வச்சு, வாசல்ல நின்னு ப்பூன்னு காத்துல ஊதணும். "உன் சொந்தம் தீந்துச்சு, போயிட்டு வா"ன்னு சொல்லணும். அதுக்கு அப்புறந்தான் அது வெறுந்துணி.

பொற்கிளிக்கும் அது தெரியும். ஆனா ஓரத்து நூல உருவினா மாங்காக் கர பிரிஞ்சு சிலும்பிரும். பழய துணியில்ல? அப்புறம் நாலு பக்கமும் கர ஓடாது. அவ சேலயத் தூக்கிப் பாத்தா, தரையில கெடக்குற முக்கோணத்தப் பாத்தா, கத்திரிய எடுத்தா.

உள்ளருந்து ராக்கம்மா கேட்டா, "ஏத்தா, நூல உருவினியா?"

"ம்"ன்னா பொற்கிளி. இப்ப நீ சொல்றியே அதே மாதிரி, கவனமே இல்லாம ஒரு ம்.

அப்புறம் மிஷினுல வச்சா. மிதிச்சா. என்னாச்சு தெரியுமா? அந்தப் பச்ச ஊசிக்கு அடியில போனதும் மிஷினுக்குச் சத்தமே இல்ல. கடகடயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊசி மட்டும் ஏறி ஏறி எறங்குது. பொற்கிளி குனிஞ்சு பாத்தா. நூல் ஓடுது, தையல் விழுது. மிஷினுக்கு எண்ணெ விட்டது நல்லா வேல செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டா.

தச்சு முடிச்சு, பஞ்ச அடைச்சு, கூடத்து நடுவுல போட்டா. அடேயப்பா, அவ்வளவு அழகு! மத்தியான வெயிலு, ஓட்டுக் கண்ணாடி வழியா நேரா அது மேல விழுந்துச்சு. சிட்டு தவழ்ந்து வந்துச்சு. பச்சயில கைய வச்சுச்சு, கன்னத்த வச்சுச்சு. ஒரு கொட்டாவி. தூங்கிருச்சு.

தூக்கமே வராத புள்ள! பொற்கிளிக்குச் சந்தோஷம் தாங்கல. அப்பாடான்னு அடுப்படிக்குப் போயி புளியக் கரச்சா. கரைக்கும்போது கூடத்துலருந்து சத்தம். தட்... தட்... தட்... யாரோ புள்ளய மெதுவாத் தட்டிக் குடுக்குறாங்க. மாமியாதான் தட்டுறான்னு நெனச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கொல்லப் பக்கத்துலருந்து ராக்கம்மா கையில வெறகோட வந்து நின்னா.

"நீ இங்கயா இருக்க? புள்ளய நீதான் தட்டுறேன்னு நெனச்சேன்"ன்னா.

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கூடத்துல தட்... தட்... தட்...

இருக்கியா? ம். போர்வைக்குள்ள போகாத, மூச்சு முட்டும். வெளிய வந்து கேளு.

ஓடிப் போயி பாத்தா, புள்ள தூங்குது. பக்கத்துல ஆளு யாரும் இல்ல. ஆனா திண்டுல, புள்ளக்குப் பக்கத்துல, பஞ்சு அமுங்கிக் கெடக்கு. நீளமா. ஒரு ஆளு ஒருக்களிச்சுப் படுத்தா அமுங்குமே, அப்படி. பொற்கிளி கையால தட்டி நெரவினா. நெரவி முடிக்கல, மெத்து... மெத்து...ன்னு மறுபடியும் அமுங்குது. தொட்டா சூடா இருக்கு.

அன்னைலருந்து சிட்டு தூங்க ஆரம்பிச்சுச்சு. மொத மத்தியானம் மட்டும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும். அப்புறம் எந்திரிக்கவே மனசில்லாம. பால் குடிக்க எழுப்பினா ரெண்டு வாய் குடிக்கும், மூஞ்சியத் திருப்பிக்கும், கூடத்துப் பக்கம் கைய நீட்டும். கீச்சுகீச்சு போச்சு. வீல்னு ஒரு சத்தம் கிடையாது. டாக்டரு பாத்துட்டு, ஒண்ணும் இல்லம்மான்னு ஒரு மருந்து எழுதிக் குடுத்தாரு. மருந்து குடுத்தா அதுவும் தூக்கத்துலயே முழுங்குது. கையில தூக்கினா புள்ளக்கு கனமே இல்ல. ஒரு நாளு பொற்கிளி அள்ளி நெஞ்சோட சேத்துக்கப் போனா, அது பெத்தவ கையத் தட்டி விட்டுட்டு அந்தப் பச்சத் துணிய எட்டிப் புடிச்சுச்சு. அன்னைக்கு அவ அழுதா பாரு, அப்படி அழுதா. எம்புள்ள என்னைய மறக்குதேன்னு.

அழுதுட்டு, மூக்கச் சிந்திட்டு, திண்டத் தூக்கிட்டுப் போயி பரண்ல போட்டா. மேல நெல்லு மூட்ட ஒண்ண உருட்டி வச்சா. டொம்! எறங்கி வந்து கையக் கழுவினா. கழுவிட்டு வந்து பாத்தா கூடத்து நடுவுல திண்டு கெடக்கு, புள்ள அது மேல கெடக்கு. பரண்ல நெல்லு மூட்ட வச்ச எடத்துல வச்சபடி இருக்கு. தட்... தட்... தட்...

அப்புறம் கெணத்தடிக்கு எடுத்துட்டுப் போனா. பஞ்ச எடுத்துட்டு, உறைய சோடாக்காரம் போட்டு ஊற வச்சு, கல்லுல அடிச்சா. சளார்! சளார்! வேப்பெலத் தண்ணியில அலசிக் கொடியில போட்டா. உச்சி வெயிலு. செவப்பு காஞ்சுச்சு, ஆரஞ்சு காஞ்சுச்சு, பச்ச மட்டும் காயல. ஈரமா, வெதுவெதுன்னு இருக்கு. மோந்து பாத்தா தாய்ப்பால் வாசன. பொற்கிளிக்கு உள்ளங்கால்லருந்து சில்லுன்னு ஏறுச்சு. ஏன்னா அது அவ பால் வாசன இல்ல.

ம்.

மூணாவது, கத்திரிய எடுத்துட்டு உக்காந்துட்டா. அந்தச் சதுரத்தப் பிரிச்சு எடுத்துருவோம், அடுப்புல போட்ருவோம்னு. புள்ள பக்கத்துப் பாயில தூங்குது. மொதத் தையல வெட்டினா. டிக். புள்ள ஒரு விக்கு விக்குச்சு. ரெண்டாவது தையல். டிக். புள்ள உதடு வெளுத்துச்சு. மூணாவது, டிக். மூச்சு நின்னுருச்சு! ஐயோன்னு கத்திரியத் தூக்கி எறிஞ்சுட்டு, ஊசியில நூலக் கோத்து, வெட்டின எடத்த மறுபடியும் தச்சா. தச்ச பெறகுதான் புள்ளக்கு மூச்சு வந்துச்சு. அப்போ காதோரமா யாரோ ஸ்ஸ்ஸ்...ன்னாங்க. யாராச்சும் தூங்கும்போது நீ சத்தம் போட்டா நான் உன்ன அதட்டுவேனே, அப்படி.

அப்போதான் அவ மாமியா காலடியில போயி விழுந்தா. "அத்தை, நான் நூல உருவல. கர கெட்டுப் போயிரும்னு உருவல. பொய் சொல்லிட்டேன்."

ராக்கம்மா திட்டல. திட்டுற நேரமா அது? புள்ளயப் பாத்தா, திண்டப் பாத்தா.

"வெளிய போகச் சொல்லாம கூப்ட்டு வந்து நடுவீட்டுல உக்கார வச்சுட்ட"ன்னா. "யாரு துணின்னு கேளு. ஆளு தெரியாம ஒண்ணும் செய்ய முடியாது. ஓடு."

பொற்கிளி புள்ளய இடுப்புல வச்சுக்கிட்டா, பஞ்ச மறுபடியும் அடைச்சுத் திண்ட அக்குள்ள இடுக்கிக்கிட்டா. தெருத்தெருவாப் பாத்திரக்காரரத் தேடினா. சந்த முக்குல ஒரு புளியமரத்தடியில சைக்கிள நிறுத்திட்டு சோறு தின்னுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, இந்தப் பச்சச் சேல யாரு குடுத்தது?"

"அதுவா? கொளத்தாங்கரையில மாசிலாமணின்னு ஒரு கெழவரு, பூட்டு ரிப்பேரு பாக்குறவரு. ஒரு டம்ளருக்குப் போட்டாரு. பாத்துப் போ தாயி, சண்டக்காரரு. மனுசன் தூங்குறதே இல்லையாம். ஊரே அடங்கினாலும் அந்த வீட்டுல பூட்டத் தட்டுற சத்தம் நிக்காதாம்."

போனா. கொளத்தாங்கரையில அனல் பறக்குது, ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு சின்ன வீடு, தொறந்த கதவு. உள்ள ஒரு கெழவரு, வழுக்கத் தல, பொக்க வாயி, சாவிக்கு அரம் போட்டுக்கிட்டு இருக்காரு. கிரீச், கிரீச். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு.

"கட இல்ல, போ"ன்னாரு நிமிந்து பாக்காமலே.

"ஐயா, இந்தத் துணி யாரோடது?"

பாத்தாரு. அரம் நின்னுச்சு. "அதையா போயி தலகாணி தச்ச? எங்கம்மா சேல. எனக்குத் தூளி கட்டினது. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே அவ போயிட்டா. மூஞ்சியும் தெரியாது, கொரலும் தெரியாது. பெட்டியில கெடந்துச்சு, கரையான் அரிச்சுரும் போலருந்துச்சு, தூக்கிப் போட்டேன். வளத்தவங்க சோறு போட்டாங்க, தாலாட்டல. எனக்குத் தூக்கமும் கெடையாது, துக்கமும் கெடையாது. போதுமா? போ."

பொற்கிளிக்கு அப்போ வெளங்குச்சு. அந்தத் தாயி புள்ளய விட்டுட்டுப் போனதுல மனசு அடங்காம, சேலயிலயே தங்கிட்டா. தன் புள்ள வளந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பச்சயில எந்தக் குழந்த தலைய வச்சாலும் அவளுக்கு அது தன் புள்ள. தூங்கு, தூங்குன்னு தட்டிக்கிட்டே இருக்கா.

"ஐயா, ஒரே ஒரு தடவ இதுல தலைய வச்சுப் படுங்க."

"பைத்தியமா நீ?"

"எம்புள்ளயப் பாருங்கய்யா!"ன்னு கத்தினா. "பாருங்க! உங்கம்மா எம்புள்ளய வச்சுக்கிட்டு விட மாட்டேங்குறா!"

கெழவரு புள்ளயப் பாத்தாரு. மெழுகு கணக்கா வெளுத்துப் போன மூஞ்சி. அரத்தக் கீழ வச்சாரு. கையத் தொடச்சாரு. முட்டி மடக்மடக்ன்னு சத்தம் போட, திண்டுல ஒரு பக்கமாத் தலைய வச்சுப் படுத்தாரு. பொற்கிளி மறுபக்கம் புள்ளயக் கெடத்தினா.

தட்... தட்... தட்...

புள்ள பக்கந்தான். புள்ளயத்தான் தட்டுது. கெழவரு வெறிச்சுன்னு மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. சிட்டு மூச்சு கொறஞ்சுக்கிட்டே போகுது, வயிறு ஏறி எறங்குறது கண்ணுக்கே தெரியல.

பொற்கிளி குனிஞ்சா. அந்த வெறுங்குழியப் பாத்துப் பேசினா. "அம்மா. இது உன் புள்ள இல்ல. இது நான் பெத்தது. உன் புள்ள இந்தா, இந்தப் பக்கம் கெடக்காரு பாரு. தல வழுக்கயாயிருச்சு. பல்லு கொட்டிருச்சு. வளந்து கெழவராவே ஆயிட்டாரும்மா, நீ இல்லாமயே. அவருக்கு அன்னைலருந்து தூக்கமே இல்லயாம். நீ வேற புள்ளயத் தட்டிக்கிட்டு இருக்க."

தட்டுற சத்தம் நின்னுச்சு.

கொளத்துல தண்ணி அலம்புறது கூடக் கேக்கல. அப்புறம் பஞ்சு மெதுவா மேல எழும்புச்சு. அந்தக் குழி எந்திரிச்சுருச்சு. பச்சத் துணியில ஒரு சுருக்கம், சர்ர்ர்...ன்னு நகந்து, நகந்து, கெழவரு பக்கம் போச்சு. அங்க போயி நின்னுச்சு. பயப்படுற மாதிரி, தொடலாமா வேணாமாங்குற மாதிரி நின்னுச்சு. அப்புறம் அவரு காதோரத்துல மிச்சம் இருந்த நாலு நரச்ச முடி, யாரோ வெரல விட்டுக் கோதின மாதிரி, ஒரு பக்கமாப் படிஞ்சுச்சு.

தட்... தட்...

கெழவரு கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு.

அப்போ, வீல்ல்ல்ல்! சிட்டுதான்! கையக் கால ஒதச்சுக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு, பசி தாங்காம ஒரே கத்து. பொற்கிளி வாரி எடுத்தா. புள்ள அவ நெஞ்சுல முட்டி முட்டிப் பாலுக்குத் தேடுது. அவ அழறா, சிரிக்கிறா, திரும்பிக்கூடப் பாக்காம வாசலுக்கு ஓடினா.

வாசப்படியத் தாண்டும்போது பின்னாடி ஒரு கொரல் கேட்டுச்சு. சின்ன வயசுப் பொம்பளக் கொரல். ரொம்ப நாளாப் பேசாத தொண்ட, அடச்சுக்கிட்டு வருது.

"சாப்ட்டியாப்பா?"ன்னு கேட்டுச்சு.

அதுக்கு அந்தச் சண்டக்காரக் கெழவரு, பூட்டுக்காரரு, மெதுவாச் சொன்னாரு.

"இன்னும் இல்லம்மா."

கதை போயிப் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடு.